மூன்று துளைகளின் வரலாறு



சேர்வராயன் மலையில், கரடியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பொறியியல் படிக்கும் பிள்ளை. பிட்காயின் என்னும் கணினி நாணயத்தை ஈட்டித் தரும் இயந்திரம் ஒன்று, முன்பே ஒருவர் பயன்படுத்தியது, குறைந்த விலைக்கு அவருக்குக் கிடைக்கவிருக்கிறதாம். "எங்கள் ஊர் குளிர்ந்த ஊர். ஆதலால் இயந்திரம் சூடேறிவிடுமோ என்ற கவலை இல்லை. வீட்டின் வயரிங் மட்டும் 1970ஐ ஒட்டித் தாத்தா காலத்தில் போட்டது. எந்தப் பிளக் பாயிண்டில் செருகலாம், எவ்வகைப் பவர் கார்டு வாங்கலாம் என்று மட்டும் ஐயா சொன்னால் போதும்" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்றுதான் நானும் எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் கேட்டது ஒரு வரிக் கேள்வி அன்று என்பது புலனாயிற்று. சுவரில் நாம் காணும் மூன்று துளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவற்றின் பின்னே, சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்து கிடக்கும் கம்பிக்கு மற்றொரு வரலாறு உண்டு. அந்த இரண்டாவது வரலாற்றில் சேர்வராயன் மலைக்கே ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் அந்த இயந்திரம் இன்னதென்று பார்த்துவிடுவோம். சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதில் கண்ட திட்டப்படி 2009 சனவரியில் பிட்காயின் பிறந்தது. அதற்கு அச்சகமும் இல்லை, நாணயசாலையும் இல்லை. நடந்த கொடுக்கல் வாங்கல்களை ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு கட்டாகத் தொகுத்துப் பேரேட்டில் ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றும் உரிமை ஒரு போட்டியில் வென்றவருக்கே கிடைக்கும். போட்டி யாதெனில், ஒரு பூட்டின் எண்ணை ஊகித்துக்கொண்டே இருப்பது. அறிவுக்கூர்மைக்கு அங்கே வேலை இல்லை. எத்தனை முறை விரைவாக ஊகிக்க முடியும் என்பதே கணக்கு. வென்றவருக்குத் தொடக்கத்தில் 50 நாணயங்கள் பரிசாகக் கிடைத்தன. அது 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை பாதி பாதியாகக் குறைந்து 3.125 ஆயிற்று. மண்ணைக் கிளறிப் பொன் தேடுவது போன்ற முயற்சி என்பதால் இதற்குச் சுரங்கத் தொழில் என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

தொடக்க நாட்களில் மேசைமேல் இருக்கும் சாதாரணக் கணினியே இவ்வேலைக்குப் போதுமானதாக இருந்தது. 2013ஐ ஒட்டி, இந்த ஊகிப்பைத் தவிர வேறொன்றும் அறியாத தனிச் சில்லுகள் வந்தன. அவற்றைக்கொண்டு 2016இல் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்9 என்ற இயந்திரம் ஏறத்தாழ 1,350 வாட் மின்சாரம் இழுக்கும். 2020இல் வந்த எஸ்19 புரோ 3,250 வாட் இழுக்கும். மூன்று நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒருங்கே போட்டாற்போன்ற சுமை இது. இஸ்திரிப் பெட்டியைக் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். எரிந்துகொண்டிருக்கும்போதும் அது சூடு மிகுந்தால் தானே நிற்கிறது, ஆறினால் தானே தொடங்குகிறது. ஊகிக்கும் இயந்திரத்திற்கு இரவும் இல்லை, பகலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நம் வீட்டுச் சுவர்களில் கம்பி இழுத்த பெரியவர்கள் இப்படியொரு விருந்தாளியைக் கனவிலும் எதிர்பார்த்தவர்கள் அல்லர்.

அவர்கள் எதிர்பார்த்தது விளக்கை. மின்சாரம் நம் நாட்டு வீடுகளுக்குள் விளக்காகத்தான் நுழைந்தது. சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. வீட்டு விளக்குக்கு மேலும் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த கம்பியும் கூரையிலிருந்து தொங்கும் பல்பு ஹோல்டரோடு நின்றுவிட்டது. வேறு கருவி எதையேனும் இயக்க வேண்டுமானால் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டிக்கொள்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரம் மேலிருந்துதான் இறங்கி வந்தது. நூல் சுற்றிய கம்பி ஒன்று கூரையிலிருந்து தொங்கி ஊஞ்சலாடும். கீழே அம்மா பாயை மடித்துப் போட்டுச் சட்டை தேய்ப்பார்கள். இருட்டிய பின் தேய்க்க முடியாது, பல்பைக் கழற்றியாயிற்றே! அமெரிக்காவிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே ஹார்வி ஹப்பெல் என்பவர் 1904இல், விளக்கு ஹோல்டரில் திருகிவிட்டு வேண்டும்போது செருகவும் உருவவும் ஏற்ற ஒரு பிளக்குக்கு உரிமை பெற்றார். அவருடைய பிளக்கும் விளக்கை நம்பியே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

விளக்குக்கு வேண்டிய மின்சாரம் சிறிது. அடுப்புக்கும் வெந்நீருக்கும் வேண்டியது பெரிது. ஆகவே விளக்கு, விசிறிக்கு மெல்லிய கம்பியும், மற்றவற்றிற்குத் தடித்த கம்பியும் தனித்தனியே இழுக்கும் வழக்கம் உண்டாயிற்று. பல ஊர்களில் இவ்விரண்டுக்கும் கட்டணமும் வேறு, மீட்டரும் வேறு. தடித்த கம்பியின் முனையில் இருந்ததைப் 'பவர் பாயிண்ட்' என்று அழைத்தார்கள். மீட்டர்கள் ஒன்றாகிப் பல காலம் ஆகியும் அப்பெயர் நம் நாவில் நின்றுவிட்டது.

நம் மாநிலத்தில் மின்சாரம் பரவிய கதையை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. அணையின் அடியில் 10,000 கிலோவாட் திறனுள்ள இயந்திரங்கள் 1937 முதல் சுழன்றன. சேலம் வட்டாரம் வெளிச்சம் கண்டது அந்த நீரால்.

மேட்டூர் அணை திறந்த அதே 1934ஆம் ஆண்டில், யாரும் மாலையிட்டு வரவேற்காத மற்றொரு செயலும் நடந்தது. பி.எஸ். 546 என்ற எண்ணுடைய தர விதி இங்கிலாந்தில் வெளியாயிற்று. நம் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கும் உருண்டைத் துளைகளின் பிறப்புச் சான்றிதழ் அதுவே. 2, 5, 15, 30 ஆம்பியர் என நான்கு அளவுகளை அவ்விதி வகுத்தது. அவற்றுள் 5ம் 15ம் நம் நாட்டில் நிலைத்தன. பின்னாளில் ஐ.எஸ். 1293 என்ற இந்திய விதி அவற்றை 6 என்றும் 16 என்றும் குறித்தது. ஆயினும் துளையின் வடிவம் மாறவில்லை.

அந்த வடிவில் பொதிந்திருக்கும் நுட்பத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். 5 ஆம்பியர் பிளக்கில் மின்சாரம் பாயும் இரண்டு பின்களின் விட்டம் 5.08 மில்லிமீட்டர், மேலே உள்ள எர்த் பின்னின் விட்டம் 7.06 மில்லிமீட்டர். 15 ஆம்பியர் பிளக்கிலோ மின்சாரம் பாயும் பின்களே 7.06 மில்லிமீட்டர், எர்த் பின் 8.71 மில்லிமீட்டர். எர்த் பின் நீண்டிருப்பதால் செருகும்போது முதலில் நுழைகிறது, உருவும்போது கடைசியில் வெளியேறுகிறது. காப்பு முதலில், மின்சாரம் பிறகு. பெரிய பிளக்கைச் சிறிய துளையில் எவ்வளவு அழுத்தினாலும் அது நுழையாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மீற முடியாத சட்டம் அது. "இத்துளைக்குப் பின்னால் இருக்கும் கம்பி இவ்வளவுதான் தாங்கும்" என்று வீடு கட்டியவர் பிற்காலத்தவருக்குக் கொடுத்த வாக்குறுதியே துளையின் அளவு.

இச்சட்டத்தை நாமே உடைத்துவிட்டோம் என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். இரு அளவுப் பிளக்கும் நுழையும்படி ஆறு துளைகள் கொண்ட சாக்கெட் வந்தது. அதன் பின்னே தடித்த கம்பி இருந்தால் குற்றமில்லை. மெல்லிய கம்பியின் முனையிலும் அதைப் பொருத்திவிடுகிறார்களே, அங்கேதான் தவறு. பெரிய பிளக்கைச் சிறிய துளையில் மாட்டித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று எல்லா மின்பொருள் கடைகளிலும் சில ரூபாய்க்குத் தொங்குகிறது. பிளக்கின் அளவைத்தான் அது மாற்றுகிறது. சுவருக்குள் கிடக்கும் கம்பியின் அளவை மாற்றுவதில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். நமக்கு உருண்டைப் பின்னைத் தந்த அந்நாடு தானே அதைக் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் வீடுகள் இடிந்தன. செம்புக்கோ பெரும் பஞ்சம். போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளில் வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1944இல் வெளிவந்தது. காரொலின் ஹாஸ்லெட் என்ற பெண் பொறியாளர் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். குழந்தைகள் துளைக்குள் கம்பியை நுழைத்துவிடாதபடி உள்ளே மூடி வேண்டும் என்ற கருத்து அங்கே வேரூன்றியது. செம்பைச் சிக்கனப்படுத்த, வீடு முழுவதையும் வளையமாகச் சுற்றி வரும் ஒரே கம்பியிலிருந்து எல்லாப் பாயிண்டுகளுக்கும் மின்சாரம் எடுக்கும் முறையை வகுத்தார்கள். வளையத்திலே 30 ஆம்பியர் பாயும். மேசை விளக்கின் கம்பியோ 3 ஆம்பியர் மட்டுமே தாங்கும். ஆகவே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு சிறு ஃபியூஸ் வைத்தார்கள். 1947இல் வந்த அந்தச் சதுரப் பின் பிளக்கைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவினர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். ஊருக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் கருவியை மாட்ட இடமின்றி நாம் விழிப்பதன் காரணமும் அதுவே.

நாம் உருண்டைப் பின்னோடு நின்றுவிட்டதால் நம் பிளக்கில் ஃபியூஸ் இல்லை. கருவியின் கார்டு மெல்லியதாயினும் தடித்ததாயினும் அதற்குக் காவல், எங்கோ தாழ்வாரத்தில் இருக்கும் மெயின் பலகையிலுள்ள ஃபியூஸ் அல்லது எம்.சி.பி. ஒன்றே. 16 ஆம்பியர் எம்.சி.பி. காவல் காக்கும் பாயிண்டில், 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கார்டைச் செருகி 12 ஆம்பியர் இழுத்தால், எம்.சி.பி. அசையாது, அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. கார்டு மட்டும் வெந்துகொண்டிருக்கும். பழைய ஃபியூஸ் கட்டையாயின் நிலைமை இன்னும் மோசம். அடிக்கடி போகிறதே என்று யாராவது அதில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவைத்திருப்பார்கள். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கட்டியவர் எல்லோரும் தம்மைச் சாமர்த்தியசாலி என்றே எண்ணியிருந்தார்கள்.

துளையின் கதை இவ்வளவு. கம்பியின் கதைக்கு மீண்டும் சேர்வராயன் மலை ஏற வேண்டும்.

அம்மலையின் மேற்பரப்பில் ஆங்காங்கே செம்மண் போலத் தோன்றும் படிவு உண்டு. கரும்பாறை பல்லாயிரம் தலைமுறை மழையில் ஊறிச் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் கரைந்து போன பின் எஞ்சிய மண் அது. அதன் பெயர் பாக்சைட்டு, அலுமினியத்தின் தாய். ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினாத் தூளும், அதிலிருந்து 1 டன் அலுமினியமும் கிடைக்கும். தூளை உலோகமாக்கும் வழியை 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, கண்டுபிடித்தார்கள். உருகிய கலவையின் ஊடே மின்சாரத்தை இடைவிடாது பாய்ச்ச வேண்டும். ஒரு கிலோ அலுமினியத்திற்கு ஏறத்தாழ 15 யூனிட் செலவாகும். மலையிலே மண், அடிவாரத்துக்கு அப்பால் மேட்டூரிலே மின்சாரம். இரண்டையும் சேர்த்து மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2008இல் அங்கே உலோகம் உருக்குவது நின்றுவிட்டது.

அக்காலத்தில் நம் நாட்டுக்கு அலுமினியம் பெருந்துணையாக வந்தது. செம்பை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அந்நியச் செலாவணியோ அரிதாக இருந்தது. ஆகையால் 1960களிலும் அதன்பின் நெடுநாளும் வீட்டு வயரிங்குக்கு அலுமினியக் கம்பியே பெருவழக்காயிற்று. அது பிழையான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கம்பி இல்லாவிட்டால் எத்தனையோ கிராமத்து வீடுகளில் விளக்கு எரிய மேலும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். விளக்கையும் விசிறியையும் வானொலிப் பெட்டியையும் அது தளராமல் சுமந்தது.

எனினும் அலுமினியத்திற்குச் சில குணங்கள் உண்டு. செம்பு கடத்துவதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் அது கடத்தும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் படியும். அப்படலம் மின்சாரத்தை எளிதில் விடாது. சூடேறினால் செம்பைவிட மிகுதியாக விரியும், ஆறினால் மிகுதியாகச் சுருங்கும். திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுக்கும். ஆக, சாக்கெட்டின் பின்னே இறுக்கிய திருகு, யாரும் தொடாமலே ஆண்டுக்காண்டு தளர்கிறது. அமெரிக்காவிலும் 1965 முதல் சில ஆண்டுகள் வீடுகளுக்கு அலுமினியக் கம்பி இழுத்தார்கள். 1972க்கு முன் அவ்வாறு கம்பி இழுத்த வீடுகளில், இணைப்புகள் தீப்பற்றும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்புக் கம்பி வீடுகளைப் போல் 55 மடங்கு என்று அந்நாட்டு அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பின்னர் அறிவித்தது. சுவருக்கு நடுவே ஓடும் கம்பி அன்று, முனையில் இருக்கும் இணைப்பே குற்றவாளி.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். இயற்பியல் வகுப்பில் படித்ததுதான். தளர்ந்த திருகில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். ஒரு விசிறிக்குரிய கால் ஆம்பியர் பாய்ந்தால் அங்கே தோன்றும் வெப்பம் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 6 ஆம்பியர் பாய்ந்தால் 3.6 வாட். 14 ஆம்பியர் பாய்ந்தால் 19.6 வாட். வானொலிப் பெட்டியைப் பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான். அதற்குச் சற்றே குறைந்த ஒன்றைச் சாக்கெட் பெட்டிக்குள் வைத்து மூடி, இரவும் பகலும் அணையாமல் வைத்திருப்பதற்கு இது ஒப்பாகும். வெப்பத்தால் திருகு மேலும் தளரும். தளர்ந்தால் தடை மிகும். தடை மிக்கால் வெப்பம் மிகும். அரை நூற்றாண்டு விசிறியைச் சுமந்து யாதொரு குறையும் காட்டாத சாக்கெட், ஒரே மாதத்தில் கருகிப்போவது இவ்வாறே. கருவியின் ஒலியில் மாற்றம் இராது. வாடை வந்த பிறகே தெரியும்.

மாணவருக்கு நான் எழுதிய விடையை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எஸ்9 இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5.9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்டுக்கு அது சரியாக இருப்பதுபோல் தோன்றும். மலை ஊர்களில் மின்மாற்றிக்குத் தொலைவான வீட்டில் மாலை வேளை வோல்ட் 200க்கு இறங்கினால் என்ன ஆகும்? பழைய பல்பாக இருந்தால் மங்கும்; இழுக்கும் மின்சாரமும் குறையும். இந்த இயந்திரம் அவ்வாறு விட்டுக்கொடுப்பதன்று. வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித் தன் வாட் கணக்கை நிறைத்துக்கொள்ளும். 5.9 என்பது 6.75 ஆகிவிடும். ஆகவே சிறிய இயந்திரத்திற்கும் 16 ஆம்பியர் பாயிண்டே வேண்டும். இடைவிடாத சுமையை ஒரு பாயிண்டின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் ஏற்றலாகாது என்பது நல்ல பொறியாளர்களின் வழக்கம். 16இல் அது 12.8 ஆம்பியர். எஸ்19 புரோ 14 ஆம்பியர் இழுப்பதால் ஒரே பாயிண்டில் அடங்காது.

பவர் கார்டைத் தேர்வதில் நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. கணினியின் பின்புறம் செருகும் முனைக்குச் சி13 என்று பெயர். அது 10 ஆம்பியருக்கு உரியது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கணினிக் கார்டின் மறுமுனையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். நடுவே ஓடும் கம்பி பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர். மூன்றில் எது மெலிந்ததோ அதுவே கார்டின் உண்மையான அளவு. எஸ்19 புரோவுக்கு இரண்டு கார்டுகள் உண்டு. பாதி பாதியாகப் பங்கிட்டாலும் ஒவ்வொன்றிலும் 7 ஆம்பியர் பாயும். கணினிக் கார்டுக்கு அது மிகை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பும் 16 ஆம்பியர் பிளக்கும் உடைய கார்டை, தர முத்திரை பார்த்து வாங்க வேண்டும். நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று. மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டி வைத்தால் சுருளுக்குள் சூடு தேங்கும். நான்கு துளை எக்ஸ்டென்ஷன் பெட்டி, கன்வெர்ட்டர் இரண்டையும் இந்த வேலைக்கு நினைக்கவே கூடாது.

கார்டு எவ்வளவு நல்லதாயினும் அது சென்று சேர்வது சுவருக்குள் இருக்கும் கம்பியில்தானே! சேலத்து மின்பொருள் கடைகளில் பழைய கைகள் இன்னும் 1/18 என்றும் 3/22 என்றும் 7/20 என்றும் கம்பியைக் கேட்பார்கள். முன்னது இழைகளின் எண்ணிக்கை. பின்னது ஒவ்வோர் இழையின் பருமனைக் காட்டும் எண். 1/18, 3/22 இரண்டும் 1.2 சதுர மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, விளக்குக்கு உரியவை. 7/20 என்பது 4.6 சதுர மில்லிமீட்டர். அதுவே பவருக்கு உரியது. தாத்தா காலத்துச் சுவருக்குள் எது இருக்கிறதென்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. மெயினை அணைத்து, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக்கொண்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளிபோல் மின்னினால் அலுமினியம். (வெள்ளீயம் பூசிய பழைய செம்பும் வெளுத்துத் தோன்றும், கத்தியால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிந்துவிடும்.) அலுமினியமானால் அந்த வழியையே விட்டுவிட்டு, மெயின் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைத் தனியாக இழுத்து, அதற்கென ஓர் எம்.சி.பி.யும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைக்க வேண்டும். மலையில் எர்த் குழியையும் பார்க்க வேண்டும். அடியில் பாறை, மழைக்காலத்தில் ஈரம் இருக்கும், சித்திரை வைகாசியில் வறண்டுவிடும். எர்த் பின் இருப்பதனாலேயே எர்த் இருக்கிறது என்று பொருள் இல்லை.

குளிர்ந்த ஊர் என்றாரே, அது உண்மைதான். ஆனால் ஏற்காட்டின் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இலேசானது. ஆகவே விசிறி தள்ளும் காற்று ஏந்திச் செல்லும் சூடும் அந்த அளவு குறையும். பனிமூட்டத்தின் ஈரம் பித்தளைப் பின்களில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு பிடிக்கச் செய்யும். களிம்பு ஏறினால் தடை ஏறும். மலையின் குளிர், இயந்திரத்திற்கு நன்மை செய்யும் அளவுக்குப் பிளக்குக்கு நன்மை செய்வதில்லை.

வரவு செலவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத் தோன்றியது. எஸ்9 ஒரு நாளுக்கு 32.4 யூனிட் தின்னும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். இந்த இயந்திரம் அதை மூன்று நாளில் முடித்துவிடும். 60 நாளில் 1,944 யூனிட் ஆகும். அதைக்கொண்டு மேட்டூர் உலையில் ஏறத்தாழ 130 கிலோ அலுமினியம் உருக்கியிருக்கலாம். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். ஈட்டிய நாணயத்தை விற்றுப் பெறும் ஆதாயத்திற்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வருமான வரி உண்டு. அதில் மின்கட்டணத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது. பிழைப்புக்கான தொழிலாக நடத்துவதென்றால் வீட்டு இணைப்பு போதுமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து விடை வந்தது. உறைக்குள் கடிதத்தோடு ஒரு விரல் நீளக் கம்பித் துண்டும் இருந்தது. எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கூடத்துப் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார்களாம். கம்பி வெள்ளையாக இருந்தது, சுரண்டியும் சிவக்கவில்லை. ஒரு திருகை விரலாலேயே சுழற்ற முடிந்தது. அதை ஒட்டிய உறை அரை அங்குலத்துக்குக் கருகியிருந்தது. அங்கே அவர்கள் இதுவரை செருகியது இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். "இந்த அலுமினியம் எங்கள் மலையிலிருந்தே போனதாக இருக்குமோ, ஐயா?" என்று கேட்டிருந்தார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உருகிய உலோகம் தன் ஊரைச் சொல்வதில்லை.

இயந்திரம் வாங்குவதைப் பற்றி அக்கடிதத்தில் ஒன்றும் இல்லை. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு சுருள் சேலத்தில் இப்போது என்ன விலை விற்கிறது என்று மட்டும் விசாரித்திருந்தார்.